மாமனுக்குப் போட்ட கதிரை

பதுளை
14.02.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி தயானி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மச்சான் தினேஸும் பிள்ளை விதுஷாவும் மாரியம்மா புண்ணியத்தில் சுகம். அங்கே நீங்களும் அண்ணியும் சுகந்தினியும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் முழங்கால் வலி எப்படி? அப்புத்தளைக் குளிருக்குக் கம்பளித் துணி சுற்றிக்கொள்ளச் சொன்னேனே, சுற்றுகிறீர்களா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். முதலில் எடுத்தபோது அண்ணி, "அவரு பெரட்டுக் களத்துல ஆளுங்க பேரு கூப்பிட்டுக்கிட்டு நிக்கிறாரு" என்றார். பிறகு எடுத்தபோது நீங்கள்தான் பேசினீர்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் லைன் போய்விட்டது. தானாகப் போனதா, போகவைத்ததா என்று நான் ஆராயவில்லை. கடிதத்தை யாரும் பாதியில் வெட்ட முடியாது அல்லவா? அதனால் எழுதுகிறேன்.

விதுஷா பெரிய மனுஷி ஆகிவிட்டாள் அண்ணா. நடக்க வராது, பேச வராது, கையால் ஒரு டம்ளர் பிடிக்க வராது. ஆனால் உடம்பு தன் வேலையைத் தவறாமல் செய்கிறது. தினேஸ் பின்வாசலில் போய் நின்று அழுதார். எனக்கும் முதலில் பயம்தான். பிறகு ஒரு பிடிவாதம் வந்தது. ஊரில் எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் செய்கிற சடங்கை இவளுக்கும் செய்ய வேண்டும். மார்ச் பத்தாம் திகதி ஞாயிற்றுக்கிழமை நல்ல நாள் என்று ஐயர் சொன்னார்.

தாய்மாமன் நீங்கள் ஒருவர்தான். தட்டுத் தட்டாகச் சீர் வேண்டாம். ஒரு பாவாடை தாவணி எடுத்து வந்து, மாமனுக்குப் போடுகிற கதிரையில் உட்கார்ந்து, உங்கள் கையால் கொடுத்தால் போதும். சின்னதில் நீங்கள் அவளை மடியில் வைத்துக்கொண்டு ரயில் மாதிரிக் கூவிக் காட்டுவீர்களே, அதை அவள் மறக்கவில்லை. இன்றைக்கும் போனில் உங்கள் குரல் கேட்டால் சத்தமாகச் சிரிக்கிறாள்.

இன்னொரு செய்தி. பிள்ளையைப் பயிற்சிக்குக் கொண்டுபோகிற சென்டரில் ஸிஹாமா டீச்சர் எங்களைப் போன்ற தாய்மாரை வைத்து ஒரு நாடகம் போடப்போகிறார். அதில் நான்தான் அம்மாவாம். கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும் தங்கச்சி,
தயானி


அப்புத்தளை
28.02.2024

அன்புத் தங்கச்சி தயானிக்கு,

அண்ணன் கிருஷ்ணராஜ் எழுதுவது. நாங்கள் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

கடிதம் கிடைத்தது. தேயிலைக் கொழுந்து மளமளவென்று வருகிற காலம். கணக்கப்பிள்ளை நான் மலையில் இல்லை என்றால் தோட்டத்துத் துரைக்குப் பொறுக்காது. அதோடு இந்த வருஷம் என்னைக் கோயில் கமிட்டிச் செயலாளராகப் போட்டுவிட்டார்கள். தேர்த் திருவிழா வேலை எல்லாம் என் தலையில். இருந்தாலும் வரப் பார்க்கிறேன்.

ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. இந்த மாதிரிப் பிள்ளைக்குச் சடங்கு எதற்கு என்று நாலு பேர் கேட்பார்கள். வீட்டோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றி, சாமி கும்பிட்டு முடித்துவிட்டால் என்ன?

சுகந்தினிக்கு ஒரு இடம் வந்திருக்கிறது. பதுளைப் பக்கம்தான். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், தகப்பன் பொன்னையா மதிப்பான மனிதர். உன் பக்கம் யாராவது வந்து விசாரித்தால் அதிகம் பேச்சுக் கொடுக்காதே.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல்லவும்.

அண்ணன்,
ச. கிருஷ்ணராஜ்


பதுளை
12.03.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்தையும் அறிய ஆவல்.

சடங்கு முடிந்தது. நீங்கள் வரவில்லை என்று உங்களுக்கே தெரியும், அதை நான் எழுதத் தேவையில்லை.

விதுஷாவுக்கு என் கல்யாணச் சேலையைச் சுற்றி, பூ வைத்து, தலையணை முட்டுக்கொடுத்து உட்காரவைத்தோம். பக்கத்தில் மாமனுக்கு ஒரு கதிரை. வாசலில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் எட்டிப் பார்த்தேன். என்னைப் பார்த்து அவளும் கழுத்தைத் திருப்பினாள். அவளுக்குக் கழுத்துத் திருப்புவது லேசான வேலை இல்லை அண்ணா. ஐயர் நேரம் போகிறது என்றார். கடைசியில் என்னோடு சென்டருக்கு வருகிற ஜெஸீமாவின் தம்பி இன்பாஸ், ஆட்டோ ஓட்டுகிறவர், "நான் ஒக்காந்தா சடங்கு செல்லுமாங்க?" என்று ஐயரிடம் கேட்டார். ஐயர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை மாமனாக உட்கார்ந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

திட்ட எழுதவில்லை. நடந்ததை எழுதினேன்.

தயானி


அப்புத்தளை
05.04.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நலம், நலமறிய ஆவல். அண்ணியும் விசாரித்தாள்.

அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டேன். பண்டாரவளைக்கு இந்தப் பக்கம் மண் சரிந்து பஸ் எல்லாம் நின்றுவிட்டது. மழைக்காலத்தில் நம் மலை எப்படி என்று உனக்குத் தெரியாததா? கொஸ்லந்தைப் பக்கம் லயமே மண்ணுக்குள் புதைந்ததற்குப் பிறகு சின்னச் சரிவு என்றாலும் பயம்தான்.

பாவாடை தாவணி அப்போதே வாங்கி வைத்தது. சுகந்தினிதான் நிறம் பார்த்து எடுத்தாள். பதுளை பஸ் கண்டக்டரிடம் பார்சலாகக் கொடுத்திருக்கிறேன். மாமன் சீர் வந்து சேர்ந்துவிட்டது என்று நாலு பேருக்குச் சொல்.

அண்ணன்,
கிருஷ்ணராஜ்


பதுளை
16.04.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் புதுவருஷ வாழ்த்துகள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் முழங்காலுக்கு நல்லது.

மண் சரிந்த அதே ஞாயிற்றுக்கிழமை தினேஸின் கடை லொறி அப்புத்தளையில் சாமான் இறக்கிவிட்டு அதே ரோட்டில் வந்தது. ரயிலும் ஓடியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர் இன்னும் கொஞ்சம் சோறு போட்டிருக்கலாம்.

பார்சல் வந்தது. நல்ல நிறம், மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை. அவிழ்த்து விதுஷாவின் இடுப்பில் வைத்துப் பார்த்தேன். முழங்காலுக்கு மேலே நின்றது. ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தைத்த பாவாடை அண்ணா. முதலில் கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். அப்புறம்தான் விளங்கியது. நீங்கள் கடைசியாக அவளை மடியில் வைத்தபோது அவள் அந்த அளவுதான் இருந்தாள். இப்போது அவளைத் தூக்கிக் குளிப்பாட்ட என் இடுப்பு ஒடிகிறது. என் தோள் உயரம் இருக்கிறாள்.

சென்டரில் எல்லோருக்கும் காட்டினேன், மாமன் சீர் வந்தது என்று. நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஸிஹாமா டீச்சர் அதை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாடகம் நன்றாகப் போகிறது. பதுளையில் மேடை ஏற்றிவிட்டோம்.

தயானி


அப்புத்தளை
02.05.2024

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே யாவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே?

சந்தோஷமான செய்தி. சுகந்தினி சம்பந்தம் கூடி வருகிறது. தேர்த் திருவிழாவுக்குப் பொன்னையா குடும்பத்தோடு வருகிறார். திருவிழாவில் வெறும் பாட்டுக் கச்சேரி வேண்டாம், பதுளையில் ஒரு நாடகம் பார்த்தேன், மனதை உலுக்கிவிட்டது, அதைக் கூப்பிடுங்கள் என்று அவரே சொன்னார். மலர்ச்சி நாடகக் குழுவாம். கமிட்டி சார்பில் நான் பேசி, மே 26 ஞாயிறு பின்னேரம் கோயில் களத்தில் ஏற்பாடு செய்துவிட்டேன். நோட்டீஸும் அடித்தாயிற்று, செயலாளர் என்று என் பெயர் போட்டு.

திருவிழாவுக்கு உன்னைக் கூப்பிடாமல் இருக்க முடியுமா? ஆனால் இந்த வருஷம் வேண்டாம் அம்மா. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பொன்னையா வீட்டில் என் குடும்பத்தை விசாரித்தபோது, ஒரே தங்கச்சி, பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டேன். வாய் தவறி வந்ததுதான். நம் ஆட்கள் எப்படி என்று உனக்குத் தெரியும். ரத்தத்தில் இருக்கிறதோ, நாளைக்கு நம் பேரப்பிள்ளைக்கும் வருமோ என்று பார்ப்பார்கள். கல்யாணம் மட்டும் முடியட்டும். பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அண்ணன்


பதுளை
06.05.2024

அண்ணனுக்கு,

சுகம்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு விதுஷாவுக்குச் சோறு ஊட்டினேன். இல்லாத பிள்ளைக்கு யாராவது சோறு ஊட்டுவார்களா? நான் ஊட்டினேன். வாயைத் துடைத்தேன். துணி மாற்றினேன்.

மலர்ச்சி என்பது எங்கள் சென்டர் அண்ணா. நோட்டீஸ் அடித்து நீங்கள் கூப்பிட்டிருப்பது எங்களைத்தான். அந்த நாடகத்தில் அம்மாவாக நடிப்பது நான். தொடக்கத்தில் இருந்து நாடகம், நாடகம் என்று எழுதிவந்தேன். ஒரு தரமாவது என்ன நாடகம் என்று கேட்டீர்களா?

கதையும் சொல்லிவிடுகிறேன். கை கால் வராத பிள்ளையை வைத்துக்கொண்டு பெற்றோர் படும் பாடு. வேலைக்குப் போகும்போது பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவதும், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் எழும்பிப் போவதும் எல்லாம் உண்டு. கடைசியில் பிள்ளை பெரிய மனுஷி ஆகிறது. மாமன் வரவில்லை. அம்மா ஒரு கதிரையைக் கொண்டுவந்து மேடை நடுவில் வைத்து, "மாமன் யாராச்சும் இருக்கீங்களா?" என்று சனத்தைப் பார்த்துக் கேட்பாள். பார்க்க வந்தவர்களில் ஒருவர் எழும்பி வந்து அதில் உட்காரும்வரை நாடகம் முடியாது. அது டீச்சர் போட்ட சட்டம். பதுளையில் ஒரு மரக்கறிக் கடைக்காரர் வந்தார். ஹாலிஎலையில் ஒரு பஸ் டிரைவர்.

இனி உங்கள் இஷ்டம். நிறுத்தச் சொன்னால் டீச்சரிடம் சொல்கிறேன்.

தயானி


அப்புத்தளை
18.05.2024

தங்கச்சி,

உடனே எழுத முடியவில்லை. நாலு தரம் எழுதிக் கிழித்தேன்.

பொன்னையா கேட்ட நாடகம். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார். பதுளையில் ஒரு தரம் பார்த்த முகம் மறந்துபோகலாம்; நீ உறவு சொல்லாமல் இங்கேயும் வந்து நடித்துவிட்டுப் போனால், கல்யாணத்தில் உன்னைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்வார். அன்றைக்கு மட்டும் வேறு யாராவது அம்மாவாக நடிக்க முடியாதா? சுகந்தினி உன் கையில் வளர்ந்த பிள்ளை. அவள் வாழ்க்கைக்காகக் கேட்கிறேன். உன் காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்.

அண்ணன்


பதுளை
21.05.2024

அண்ணனுக்கு,

ஜெஸீமா நடிப்பாள். சுகந்தினிக்காக.

நான் மேடைக்கு வரமாட்டேன். ஆனால் பிள்ளையைப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை, குழுவின் துணிமணியைப் பார்க்கவும் ஆள் வேண்டும். இரண்டு பேரும் வேனுக்குள்ளேயே இருந்துகொள்கிறோம்.

தயானி


அப்புத்தளை
04.07.2024

அன்புத் தங்கச்சி தயானிக்கும், மாப்பிள்ளை தினேஸுக்கும், மருமகள் விதுஷாவுக்கும்,

அண்ணன் எழுதுவது. எல்லோரும் சுகமா? விதுஷா சுகமா? ராத்திரியில் சளி கட்டும் என்று முன்பு ஒரு தரம் சொன்னாயே, இப்போது எப்படி இருக்கிறது?

திருவிழா முடிந்து இத்தனை நாளாகியும் எழுதாமல் இருந்தேன். வெட்கம் அம்மா. வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அன்றைக்கு முன்வரிசையில் நான், சுகந்தினி, அந்தப் பக்கம் பொன்னையா. அம்மாவாக வந்த அந்தப் பெண் ஒரு மஞ்சள் பாவாடையை எடுத்து வளர்ந்த பிள்ளையாக நடித்தவளின் இடுப்பில் வைத்துக் காட்டினாள். பச்சைக் கரை. களத்தில் முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை. சுகந்தினி என் கையைப் பிடித்து, "அப்பா, இது நம்ம வாங்குன பாவாடைதானே?" என்று கேட்டாள். நான் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கதிரை வந்தது. "மாமன் யாராச்சும் இருக்கீங்களா?" என்று அவள் கேட்டதும் தப்பு மேளம் அடிக்கிறதை நிறுத்திவிட்டார்கள். நம் தோட்டத்து லயத்து ஆட்கள் யாரும் மேடையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். உன் கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் வந்தவர்கள்தானே எல்லோரும்? எழும்ப நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். கையில் இருந்த நோட்டீஸை மடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். அவள் மறுபடியும் கேட்டாள். பொன்னையா எழும்பிப் போய் உட்கார்ந்தார். மைக்கைக் கேட்டு வாங்கி, "பதுளையில பார்த்தப்ப எழும்பி வர வெக்கப்பட்டு ஒக்காந்துட்டேன். அன்னையிலருந்து சரியாத் தூக்கமில்ல" என்றார். சனம் கை தட்டியது. நானும் தட்டினேன். செயலாளர் என்று சால்வை போடக் கூப்பிட்டார்கள். மாமன் கதிரையில் இருந்தவருக்கு மாமன் போய்ச் சால்வை போட்டேன். அதைவிடக் கேவலம் ஒரு மனிதனுக்கு வர வேண்டாம்.

பிறகு தேத்தண்ணி கொடுக்கும்போது பொன்னையா வேனைக் காட்டி ஏதோ கேட்டார். நானும் ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த கிழமை சுகந்தினியே அவர் வீட்டுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். எங்கள் குடும்பத்தில் இன்னொரு பிள்ளை இருக்கிறாள், என் அத்தை மகள், பேர் விதுஷா, அவளை மறைத்துத்தான் இந்தச் சம்பந்தம் என்றால் வேண்டாம் என்றாளாம். அவர்கள் சம்பந்தத்தை முறிக்கவில்லை. ஆவணியில் கல்யாணம். ஆனால் பொன்னையா இப்போதெல்லாம் சுகந்தினியோடுதான் பேசுகிறார். என்னைக் கண்டால், "வாங்க" என்பதோடு சரி. என் மகளும் அப்படித்தான்.

கல்யாணத்துக்கு நீங்கள் மூன்று பேரும் முன்னாலேயே வந்துவிட வேண்டும். விதுஷாவுக்குப் புதிதாகப் பாவாடை தாவணி தைக்கக் கொடுக்க வேண்டும். அவள் அளவை எழுதி அனுப்பு.

வெட்கத்தோடு,
அண்ணன் கிருஷ்ணராஜ்


பதுளை
11.07.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். விதுஷாவுக்கு இப்போது சளி இல்லை. அவள் பெயரை நீங்கள் எழுதியிருந்த இடத்தை தினேஸ் இரண்டு தரம் வாசித்துக் காட்டச் சொன்னார். சுகந்தினியை என் வயிற்றில் பிறந்தவள் என்று நினைத்துக்கொள்கிறேன், அவளிடம் சொல்லுங்கள்.

நாடகத்தில் பாவாடை வரும் என்று முன்கூட்டியே உங்களுக்கு எழுதாமல் விட்டவள் நான்தான். வேண்டுமென்றுதான் விட்டேன். பழி தீர்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட முடியவில்லை.

பொன்னையா ஏதோ கேட்டார், ஏதோ சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இரண்டு பேரும் நின்று தேத்தண்ணி குடித்தது எங்கள் வேனுக்குப் பக்கத்தில். திரை இழுத்துவிட்டிருந்தது, கண்ணாடி திறந்திருந்தது. "பதுளையில நடிச்ச அந்த அம்மாவைக் காணமே? வேன் வந்து நின்னப்ப உள்ள ஒரு பிள்ளை தெரிஞ்சுது, அது யாருங்க?" என்று அவர் கேட்டார். "தெரியலங்க. நாடகக்காரங்க பிள்ளையா இருக்கும்" என்றீர்கள்.

அதற்காக உங்களை நான் இப்போது ஒன்றும் சொல்லப்போவதில்லை. சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. உங்கள் குரலைக் கேட்டதும் விதுஷாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது அண்ணா. மாமன் என்று தெரிந்துவிட்டது. உடம்பெல்லாம் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். இரண்டு கையாலும் பொத்தினேன். நீங்கள் அந்தப் பக்கம் நடந்து போகும்வரை எடுக்கவில்லை. அவள் மூச்சு என் உள்ளங்கையில் முட்டிக்கொண்டே இருந்தது. கையை எடுத்த பிறகு அவள் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர் ஊராகப் போய், பிள்ளையை மறைக்காதீர்கள் என்று மேடையில் சொன்னவள் நான். சனம் அழுது கை தட்டியது. டீச்சரிடம் இதை இன்னும் சொல்லவில்லை. சோறு ஊட்டும்போது அந்தக் கையைப் பார்த்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. நீங்கள் உங்கள் மகளுக்காக மறைத்தீர்கள். நான் பெற்றவள், நானும் மறைத்தேன். இதில் யார் யாரைத் திட்டுவது?

அளவை எழுதி அனுப்ப மாட்டேன். வந்து நீங்களே நாடா வைத்து அளந்துகொண்டு போங்கள். அவள் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று உங்கள் கைக்குத் தெரியட்டும். உட்கார அதே கதிரை இருக்கிறது.

வரும்போது வாசலில் நின்று ஒரு தரம் ரயில் மாதிரிக் கூவுங்கள் அண்ணா. அவள் சிரிப்பாள். பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கட்டும், நான் வாயைப் பொத்த மாட்டேன்.

விதுஷாவின் அம்மா,
தயானி